சுற்றிச் சுற்றி ஒட்டுப்போட்ட பைப், தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குமா?

பாகான்_பையன் · திங்கள், இரவு 9.12

பாகான் அஜாமில் எங்கள் தாமானிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில் இரண்டு வாரமாக இரும்பு பைப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் குனிந்து உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரியது. ஒவ்வொன்றின் மேலும் மரத்தில் பாம்பு சுற்றிய மாதிரி ஒரு வெல்டிங் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றிச் சுற்றிப் போகிறது.

மாமாக் கடையில் ஒரு மாமா அடித்துச் சொல்கிறார்: "அது முழுசா வார்த்த பைப் இல்லப்பா, தகட்டைச் சுருட்டி ஒட்டினது. அழுத்தம் ஏறினா அந்தக் கோட்டு வழியாவே பிளந்துக்கும்." 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றுவதற்காக நாலு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது அம்மா வாளி தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் எனக்கு இந்தக் கேள்வி சும்மா இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தே_ஓ_கோசோங் · திங்கள், இரவு 9.40

பைப் எல்லாம் பைப்தான் தம்பி. உடைகிற அன்றைக்கு உடையும்.

---

மில்லுக்காரன் · திங்கள், இரவு 10.55

தம்பி, நான் பிறையில் ஒரு பைப் மில்லில் 22 வருஷம் தகட்டை வளைக்கிற ஃபார்மிங் இயந்திரத்தில் நின்றவன். மாமா சொன்னதில் பாதி சரி, தகட்டைச் சுருட்டித்தான் செய்கிறோம். பிளந்துகொள்ளும் என்கிற மீதிப் பாதிதான் தப்பு.

பெரிய பாய் மாதிரி சுருட்டிய இரும்புத் தகடு லோரியில் வரும். அதை காயில் என்போம். ஒரு காயில் இருபது டன்னைத் தாண்டும். இயந்திரத்தில் மாட்டிப் பிரித்தால் முதலில் உருளைகளுக்கு நடுவே போய் நேராகும். அப்புறம் இரண்டு ஓரத்தையும் கட்டர் சீவும். மில்லில் அந்தச் சீவல் சத்தம்தான் காதை அடைக்கும், வெல்டிங் இல்லை. ஓரம் சுத்தமாக, லேசாகச் சரிந்து இருந்தால்தான் பின்னால் ஒட்டு ஒழுங்காக இறங்கும்.

அடுத்தது வளைக்கிற இடம். கால் சுளுக்கினால் டாக்டர் பேண்டேஜ் எப்படிச் சுற்றுகிறார்? சாய்த்துத்தானே? அதே மாதிரி தகடு மூன்று வரிசை உருளைகளுக்குள் சாய்வாக நுழையும். வளைந்து ஒரு சுற்று வந்ததும் தன்னுடைய மறு ஓரத்தையே தொடும். தொடுகிற இடம் பைப்பின் அடிப்பக்கம். அங்கே உள்ளேயிருந்து முதல் வெல்டிங். அந்த ஒட்டு அரைச் சுற்று சுற்றி உச்சிக்கு வரும்போது வெளியே இரண்டாவது வெல்டிங். இரண்டும் தகட்டின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக் கலக்க வேண்டும்.

வெளியாள் வந்து பார்த்தால் ஏமாந்துபோவார், தீப்பொறியே தெரியாது. மணல் மாதிரி ஒரு தூள், ஃபிளக்ஸ், அதைக் குவியலாகக் கொட்டிக்கொண்டே போகும். கம்பி அந்தக் குவியலுக்குள் புதைந்தபடி எரியும். ஆயிரம் ஆம்பியர் உள்ளே ஓடும், மேலே சும்மா ஒரு உறுமல். பின்னால் உருகாத தூளைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். உருகியது கண்ணாடி ஓடு மாதிரி ஆறி, நன்றாக விழுந்த வெல்டிங்கில் தானாகவே சுருண்டு கழன்று "டிக் டிக்" என்று தரையில் விழும். அந்தச் சத்தம் நின்றால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

பைப் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதனால் வெட்டுகிற பிளாஸ்மாவும் பைப்போடு கூடவே நகர்ந்துதான் வெட்டும்.

---

பாகான்_பையன் · திங்கள், இரவு 11.20

அண்ணே, அப்படியென்றால் காயில் அகலம் எவ்வளவோ அந்த அளவு பைப்தானே வரும்? வேறு வேறு சைஸ் எப்படிச் செய்கிறீர்கள்?

---

மில்லுக்காரன் · செவ்வாய், காலை 6.48

அதுதான் இந்த முறையின் சூட்சுமமே. ஒரே காயிலில் பல சைஸ் வரும், சாய்வை மாற்றினால் போதும். 1500 மில்லிமீட்டர் அகலத் தகட்டில் 36 அங்குல பைப் (914 மில்லிமீட்டர்) வேண்டுமென்றால், வெல்டிங் கோடு பைப்பின் நீளவாட்டுக்கு ஏறத்தாழ 58 அரை டிகிரி சாயும். அதே தகட்டில் 48 அங்குலம் என்றால் 67 டிகிரி. நேர்கோட்டு ஒட்டு பைப்பில் சைஸுக்குத் தகுந்த அகலத்தில் தகடு வாங்கியே ஆக வேண்டும்.

வெளியே எல்லாரும் வெல்டிங்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது சாய்வு. அந்த 36 அங்குலத்தில் சாய்வு பத்தில் ஒரு டிகிரி பிசகினால் விட்டம் 2.6 மில்லிமீட்டர் மாறிவிடும். எண்ணெய், எரிவாயு பைப்புக்கான ஏபிஐ 5எல் என்கிற தரம் முனையில் தரும் சலுகை கூடவோ குறையவோ 1.6 மில்லிமீட்டர்தான்.

தகடும் நமக்கு ஒத்துழைக்காது. பார்வைக்கு நேராக இருக்கும், நூல் பிடித்தால் அரிவாள் மாதிரி லேசான வளைவு. அந்த வளைவு வரும்போது இரண்டு ஓரத்துக்கும் நடுவே இடைவெளி திறக்கும், அல்லது ஓரம் ஓரத்தின் மேல் ஏறப் பார்க்கும். கையில் பை டேப் வைத்திருப்போம். சுற்றளவைச் சுற்றிப் பிடித்தால் நேரே விட்டத்தைக் காட்டுகிற ஸ்டீல் டேப். சுழன்றுகொண்டிருக்கிற பைப்பில் அதைச் சுற்றிப் பிடித்து, படித்து, விடுவிக்க வேண்டும். கையுறை இருந்தாலும் சூடு ஏறும். படித்த எண்ணைப் பார்த்துச் சாய்வை ஒரு துளி திருப்புவோம். எட்டு மணி நேர ஷிப்டில் பெரிய வேலையே இதுதான்.

---

கணக்கு_வாத்தியார் · செவ்வாய், மதியம் 1.05

மாமாக் கடை மாமாவுக்கு நான் பதில் சொல்கிறேன். பாசார் மாலாமில் சோசேஜ் பொரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சூடேறி வெடிக்கும்போது நீளவாட்டில்தான் கிழியும், குறுக்கே கிழியாது. மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் சுற்றுவாட்டில் இழுக்கும் தகைவு, நீளவாட்டில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. அதனால் பிளவு நீளவாட்டில் போகவே துடிக்கும்.

நேராக நீளவாட்டில் ஒட்டுப்போட்ட பைப்பில் அந்த ஒட்டின் மேல் முழு இழுப்பும் செங்குத்தாக விழும். மில்லுக்காரர் சொன்ன 58 அரை டிகிரி ஒட்டில், கோட்டுக்குச் செங்குத்தாக விழுவது அதில் ஏறக்குறைய 64 விழுக்காடுதான், முனைகள் மூடியிருக்கும் நிலையில். ஆக, சுருள் கோடு அழுத்தத்துக்கு நேர் எதிரே போய் நிற்கவில்லை, ஒதுங்கித்தான் நிற்கிறது.

ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. 12 மீட்டர் பைப்பில் நேர் ஒட்டு 12 மீட்டர். இந்தச் சுருள் ஒட்டு 23 மீட்டர்.

---

ஒலி_கேட்பவள் · செவ்வாய், இரவு 8.30

வாத்தியார் சார் கடைசி வரியில் சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குச் சோறு போடுகிறது. 23 மீட்டர் ஒட்டு என்றால் 23 மீட்டரையும் பார்த்தாக வேண்டும். நான் அல்ட்ராசவுண்ட் சோதனை செய்பவள், ஷா ஆலாமில் நாலு வருஷம், இப்போது பினாங்கில்.

கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே ஒலிதான். ஜெல்லுக்குப் பதில் எங்களுக்குத் தண்ணீர். பைப் சுழன்று நகரும்போது ஒட்டின் இரண்டு பக்கமும் ஸ்கேன் கருவியின் முனைகள் உட்கார்ந்து ஒலியைச் சாய்வாக உள்ளே அனுப்பும். உள்ளே விரிசலோ, சிக்கிக்கொண்ட ஸ்லாக்கோ (உருகிய ஃபிளக்ஸ் கழிவு), இரண்டு வெல்டிங்கும் சேராத இடமோ இருந்தால் ஒலி திரும்பி வரும். எவ்வளவு திரும்பினால் தப்பு என்று எப்படித் தெரியும்? அதே அளவு பைப் ஒன்றில் நாங்களே வேண்டுமென்று மெல்லிய கீறலும் 1.6 மில்லிமீட்டர் துளையும் போட்டு வைத்திருப்போம். ஷிப்ட் தொடங்குவதற்கு முன் கருவி அதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது.

பைப்பின் இரண்டு முனையும் இயந்திர முனைக்கு எட்டாது, அங்கே கையால் பார்ப்போம் அல்லது எக்ஸ்ரே எடுப்போம். ஒரு காயில் முடிந்து அடுத்த காயிலை இணைத்த குறுக்கு ஒட்டுக்கும் தனிக் கவனிப்பு உண்டு. அந்தக் குறுக்கு ஒட்டு சுருள் ஒட்டைத் தொடுகிற இடம், ஏபிஐ கணக்கில், பைப் முனையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது.

இதெல்லாம் பைப்பை உடைக்காமல் பார்ப்பது. உடைத்தும் பார்ப்போம். ஒட்டை நடுவில் வைத்து ஒரு பட்டையை வெட்டி ஆணி வளைப்பது போல 180 டிகிரி வளைப்பது, இழுத்து அறுப்பது, இதெல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது சார்ப்பி. சுண்டுவிரல் மாதிரி ஒரு துண்டு, 10 மில்லிமீட்டர் சதுரம், 55 மில்லிமீட்டர் நீளம், நடுவில் 2 மில்லிமீட்டர் பள்ளம். குளிரவைத்துப் பெண்டுலத்தால் ஒரே அடி. உடைந்த முகம் கசங்கிய சாம்பல் நிறமாக, நார் நாராக இருந்தால் நல்ல இரும்பு. கல்கண்டு மாதிரி மினுமினுத்தால் அன்றைக்கு எல்லார் முகமும் தொங்கிவிடும்.

---

பாகான்_பையன் · செவ்வாய், இரவு 8.52

அக்கா, தண்ணீரை அடைத்துப் பார்க்க மாட்டீர்களா? நான் அதைத்தான் பெரிய டெஸ்ட் என்று நினைத்தேன்.

---

ஒலி_கேட்பவள் · செவ்வாய், இரவு 9.25

பார்ப்போம். ஹைட்ரோ டெஸ்ட். 36 அங்குலம், 12.7 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள், 12 மீட்டர் பைப் ஒன்று 3.4 டன். அதற்குள் ஏறக்குறைய 7,400 லிட்டர் தண்ணீர் போகும். இரண்டு முனையையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, மேல் வழியாகக் காற்றை முழுக்க விரட்டிவிட்டுத்தான் அழுத்தம் ஏற்றுவோம். காற்று தங்கினால் ஆபத்து. தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் பைப் பிளந்தாலும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். காற்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கி நிற்கும், பிளந்தால் குண்டு.

எவ்வளவு ஏற்றுவது? தண்ணீர் பைப்புக்கான அமெரிக்கத் தரம் ஒன்று, ஏடபிள்யூடபிள்யூஏ சி200, இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும் வலிமையில் 75 விழுக்காடுவரை தகைவு வர வேண்டும் என்கிறது. அந்த வலிமை 275 மெகாபாஸ்கல் உள்ள இரும்பில் நான் சொன்ன அளவுக்குப் போட்டுப் பார்த்தால் 57 பார் அழுத்தம் வருகிறது. நம் சாலைக்கு அடியில் ஓடுவதெல்லாம் இதற்குப் பக்கத்திலேயே வராது.

---

தே_ஓ_கோசோங் · செவ்வாய், இரவு 9.31

எவ்வளவு நேரம் பிடித்து வைப்பீர்கள்? ஒரு நாளா?

---

ஒலி_கேட்பவள் · செவ்வாய், இரவு 9.36

ஏபிஐ 5எல் படி 457 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெல்டிங் பைப்புக்குக் குறைந்தது 10 வினாடி.

---

தே_ஓ_கோசோங் · செவ்வாய், இரவு 9.37

10 வினாடி! நான் தே ஆற்றுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

---

ஒலி_கேட்பவள் · செவ்வாய், இரவு 10.02

சிரிக்கலாம். ஆனால் ஒழுகுகிற ஓட்டை முதல் வினாடியிலேயே ஒழுகும். ஹைட்ரோ டெஸ்ட் பைப் ஐம்பது வருஷம் இருக்கும் என்று சொல்ல வந்த சோதனை இல்லை, பெரிய ஓட்டை உடைசல் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்பதற்காக. மில்லிலிருந்து வெளியே போகிற தாள்களில் எல்லாரும் ஹைட்ரோ எண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் யூடி (அல்ட்ராசவுண்ட் சோதனை) அறிக்கையையும் சார்ப்பியையும் தேடச் சொல்வேன். என் வேலை என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதனாலும்தான்).

---

மில்லுக்காரன் · புதன், காலை 7.10

அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன், என் ஷிப்டிலேயே பட்டிருக்கிறேன். ஃபிளக்ஸ் தூள் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம், தண்ணீர்மலைப் படியில் பாதி ஏறுவதற்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். அதனால் தூளை 300 டிகிரிக்கு மேல் வறுத்து, சூடாகவே வைத்திருந்துதான் எடுக்க வேண்டும். ஈரம் உள்ளே போனால் ஹைட்ரஜன் இரும்புக்குள் மாட்டிக்கொண்டு குமிழி விடும், விரிசலும் விடும்.

ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் மில் மூடினோம். அடுப்பையும் அணைத்துவிட்டார்கள். திறந்த இரவு ஷிப்டில், ஆர்டர் அவசரம் என்று, ஓரமாகக் கிடந்த வாய் திறந்த மூட்டையை யாரோ அப்படியே கொட்டிவிட்டார். நான்தான் அன்றைக்குப் பொறுப்பு, நானும் கேட்கவில்லை. வெளியே பார்த்தால் வெல்டிங் வெள்ளிக் கொடி மாதிரி அவ்வளவு அழகு. கண்ணாடி ஓடும் வழக்கம்போல் கழன்று விழுந்தது. காலையில் யூடியில் புள்ளி புள்ளியாகக் கத்த ஆரம்பித்தது. 19 பைப். தோண்டித் தோண்டித் திரும்ப ஒட்டினோம், ஆறு பைப் பழைய இரும்புக்குப் போனது. அவற்றில் நாலு ஹைட்ரோவை ஒரு சொட்டு ஒழுகாமல் தாண்டியவை.

---

குழிவெட்டி · புதன், மாலை 6.15

மில் ஆட்கள் எல்லாம் நன்றாகப் பேசுகிறீர்கள். இப்போது நான். பைப் புதைக்கிற கொந்துறாக்டர், செபராங் பிறை முழுக்க 15 வருஷம்.

உங்கள் சுருள் ஒட்டு ஒழுகி நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஒழுகல் எல்லாம் இரண்டு பைப் சேருகிற இடத்தில். அது ஏன் தெரியுமா? அந்த ஒட்டைக் குழிக்குள், மழைத் தண்ணீர் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே, என் ஆள் முழங்கால் சேற்றில் மல்லாந்து படுத்து கையால் போடுகிறான். அதற்கு மேல் உங்கள் பைப் முட்டையாக இருந்தால் அவன் என்ன செய்வான்? மில்லில் வட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். லோரியில் மரக்கட்டை இல்லாமல் நாலு அடுக்கு அடுக்கி, இரும்புச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினால் அடி பைப் அமுங்காமல் என்ன செய்யும்? மேலே ஒரு பக்கம் சேர்ந்திருக்கும், பக்கவாட்டில் ஒரு பைப்பின் உதடு அடுத்ததைத் தாண்டி நிற்கும். ஜாக்கி வைத்துத் தள்ளி, ஆப்பு அடித்து, ஒரே ஒரு ஜாயிண்டுக்கு அரை நாள் போன கதை உண்டு. சங்கிலி உரசிய இடத்தில் பூச்சும் போயிருக்கும். அங்கேதான் துரு முதலில் நுழையும்.

இன்னொன்று மண். 2025 ஏப்ரல் 1, ஹாரி ராயா இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் எரிந்ததே. அது தண்ணீர்க் குழாய் இல்லை, இதே வகை பைப் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணையில் வந்தது என்ன? அடியில் ஈர மண் இளகி நகர்ந்து, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி, ஒட்டு களைத்துப்போனது என்றுதான். பைப்புக்கு அடியில் மணல் மெத்தை போடுகிற காசை மிச்சம் பிடிக்கிறவனிடம் 57 பார் கணக்கு என்ன பேசும்?

---

மில்லுக்காரன் · புதன், இரவு 9.05

சங்கிலி விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். எங்கள் முற்றத்தில் அகலப் பட்டையால்தான் தூக்குவோம், கேட்டைத் தாண்டினால் யார் கையில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

தம்பி பாகான், ஒரு வேலை செய். அந்த பைப்பைப் போய்ப் பார். உள்ளே சிமென்ட் பூச்சு இருக்கிறதா? வெளியே கறுப்புப் பூச்சு இருக்கிறதா? ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட்டில் எழுத்து இருக்கும், அதையும் படி. அளவு டேப் இருந்தால் சுற்றளவு எடு. அப்புறம் நீளவாட்டில் கோட்டுக்குக் கோடு எவ்வளவு தூரம் என்றும் எடு.

---

பாகான்_பையன் · வியாழன், மாலை 6.50

வேலை முடிந்து நேரே அங்கேதான் போனேன் அண்ணே. ஒரு ஜாகா சத்தம் போட்டார், ஸ்கூல் புரோஜெக்ட் என்று பொய் சொல்லிவிட்டேன் (எனக்கு 31 வயது).

சுற்றளவு 287 சென்டிமீட்டர். கோட்டுக்குக் கோடு 176. உள்ளே பூச்சு எதுவும் இல்லை, வெளியேயும் வெறும் துருதான், கையெல்லாம் செம்மண் நிறம். வெள்ளை எழுத்தில் பாதி அழிந்துவிட்டது. "ஏ252" என்று மட்டும் தெளிவாக இருக்கிறது.

---

கணக்கு_வாத்தியார் · வியாழன், இரவு 7.30

287ஐ மூன்றே சொச்சத்தால் வகுத்தால் 91.4. அதாவது 36 அங்குலம். சுற்றளவையும் கோட்டுத் தூரத்தையும் வைத்துத் தகட்டின் அகலம் கண்டுபிடித்தால் 150 சென்டிமீட்டர். மில்லுக்காரர் செவ்வாய்க்கிழமை சொன்ன அதே 1500 மில்லிமீட்டர் காயில். நாளைக்கு ஐந்தாம் படிவத்துக்கு இதையே கணக்காகக் கொடுக்கப்போகிறேன்.

---

மில்லுக்காரன் · வியாழன், இரவு 8.15

ஏ252 என்றால் தம்பி, அது தண்ணீர் பைப்பே இல்லை. பைலிங். தரையில் அடித்து இறக்கி, மேலே பாலமோ ஜெட்டியோ நிற்க வைப்பது. அந்தத் தரத்தில் ஹைட்ரோ டெஸ்ட்டே கேட்பதில்லை, உள்ளே அழுத்தம் வரப்போவதில்லையே. உள்ளே கான்கிரீட் போடுவார்கள், அல்லது மண்ணோடு அப்படியே விட்டுவிடுவார்கள். சிமென்ட் பூச்சு இல்லாத துருப்பிடித்த பைப்பில் உன் வீட்டுக்குத் தண்ணீர் வராது, அம்மாவிடம் சொல்.

---

ஒலி_கேட்பவள் · வியாழன், இரவு 8.40

மூன்று நாளாக 57 பார், 10 வினாடி என்று டைப் அடித்தேன். முதல் நாளே ஒரு படம் போட்டிருந்தால் ஆகாதா தம்பி?

---

பாகான்_பையன் · வெள்ளி, காலை 7.55

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. மாமாக் கடையில் விவரம் சொன்னேன். மாமா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "அது தண்ணி பைப் இல்லேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்" என்கிறார்.

அப்புறம் அண்ணே, இரண்டாவது அடுக்கில் ஒரு பைப்பில் சுருள் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு போகிறது. அக்கா சொன்ன காயில் இணைப்பு அதுதானே? முனையிலிருந்து சாண் போட்டேன், நாலு சாண் உள்ளே இருக்கிறது. இன்றைக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்களாம், கிரேன் வந்து நிற்கிறது.

---

குழிவெட்டி · வெள்ளி, காலை 8.03

தூக்கும்போது படம் எடுத்துப் போடு தம்பி. பட்டையா சங்கிலியா என்று பார்க்கணும்.